மரத்தடியில் நின்ற டீச்சர்

மலாயாவின் மூவாரில் நான் முதன்முதலாக வேலை பார்த்த பெண்கள் பள்ளியில், பள்ளியிறுதி வகுப்பான சீனியர் கேம்பிரிட்ஜை நடத்தியவர் உயரமான, அதிகம் சிரிக்காத ஒரு டீச்சர். தினமும் கடைசிப் பாடவேளையில் கரும்பலகையில் கணக்கை எழுதிப் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். மாணவிகள் தாங்களே வகுப்பை நடத்திக்கொள்ள வேண்டும். அவர் ஆற்றோரத்து ரம்புத்தான் மரத்தடியில் நின்றுகொண்டிருப்பார்.

"பாடம் எடுக்காம ஆத்தை வேடிக்கை பார்க்கிறாங்க" என்று மற்ற டீச்சர்கள் முணுமுணுத்தார்கள். நானும்தான்.

ஒருநாள் அந்த நேரம் பார்த்து பள்ளிகளைச் சோதிக்கும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். நான் மரத்தடிக்கு ஓடினேன்.

"டீச்சர், துரை உங்க கிளாஸுக்குத்தான் போறாரு! சீக்கிரம் வாங்க, வேலை போயிரும்!"

"இரும்மா. அடுத்த வருஷம் இதுங்க ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும், கல்யாணமாகிப் போகும். அங்கெல்லாம் நானா கூடப் போகப் போறேன்?"

மரத்தடியிலிருந்தே வகுப்பு ஜன்னல் வழியே பார்த்தோம். ஒரு பெண் எழுந்து துரைக்கு வணக்கம் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஏதோ சொன்னாள். துரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கரும்பலகைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தாள்.

"பார்த்தியா?" என்றார் டீச்சர், குரலில் எந்தச் சலனமும் இல்லாமல்.

திரும்பிப் பார்த்தேன். விரிக்காத குடையின் பிடியை இரண்டு கைகளாலும் நெரித்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கும்வரை வகுப்புப் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.