பதினாறு பல்லும் இருபது பல்லும்

பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற அந்த வருடம் நடந்தது இது. ஆடி மாதம், தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த நேரம். இடம், இணுவிலில் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே தெல்லிப்பழைக்குப் போகிற வீதி.

நான் தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. என் கணவருக்கும் அங்கேதான் ஒரு கந்தோரில் வேலை. அதுவரை அவருடைய மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் போய்வந்தோம். பெற்றோல் இல்லையென்று ஆனதும் அது மாமரத்துக்குக் கீழே சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. ஊரில் எல்லோரையும் போல நாங்களும் கொட்டிலில் கிடந்த பழைய சைக்கிள்களை இழுத்தெடுத்துத் துடைத்தோம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். படிக்கிற காலத்தில் சைக்கிள் ஓட்டப் போட்டியில் ஒருத்தியையும் முன்னுக்கு விட்டதில்லை நான். நாற்பத்து நான்கு வயதிலும் அந்தத் திமிர் போகவில்லை. நேரே சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்குப் போய், பின் சில்லுக்குப் பதினாறு பல்லுப் போடச் சொன்னேன்.

கியர் மாற்றுகிற வசதியில்லாத சைக்கிளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். பெடலோடு சேர்ந்து சுற்றுகிற பெரிய பல்லுச் சக்கரத்தில் நாற்பத்து நான்கு பல். பின் சில்லில் செயின் ஓடுகிற சின்னச் சக்கரத்தைத்தான் பிறீவீல் என்கிறோம். அதில் பதினாறு பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதிக்கப் பின் சில்லு இரண்டே முக்கால் சுற்றுச் சுற்றும். இருபது பல் என்றால் இரண்டு சுற்றும் கொஞ்சமும்தான். பல் குறைந்தால் ஓட்டம் கூடும், ஆனால் காலுக்குப் பாரம். பல் கூடினால் காலுக்கு லேசு, ஆனால் ஊர்வலம்தான். எதைப் போட்டோமோ அதோடுதான் போய்வரவேண்டும், வழியில் மாற்ற முடியாது.

“எதிர்க்காத்துக்கு உது இழுக்காது தங்கச்சி, பதினெட்டைப் போடுவம்” என்றார் கடைக்காரர். “எங்கடை ஊரிலை எங்கை அண்ணை மலை? நீங்கள் போடுங்கோ” என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். மேடு பள்ளமில்லாத ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் விடுகிற பிழை இது. எங்களுக்கு மலை ஏறுகிற வேலையைக் காற்றுத் தரும் என்பது பெடலை மிதிக்கும் வரைக்கும் ஞாபகம் வராது.

என் கணவருடைய சைக்கிளில் முன்பிருந்தே இருபது பல். அவருக்கு வலது முழங்கால் சரியில்லை. சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்குள் பாய்ந்தபோது உடைந்தது. நடக்கும்போது குறை ஒன்றும் தெரியாது. பாரம் கொடுத்து மிதித்தால் வீங்கிவிடும்.

ஆகவே தினமும் இதுதான் கதை. நான் சுன்னாகத்தில் நின்று பார்ப்பேன், அவர் எங்கேயோ பின்னால் புள்ளியாக வருவார். மல்லாகத்தில் நிற்பேன், திரும்பவும் புள்ளி. எங்கள் ஊர்க் கோயிலில் மஞ்சம் என்று ஒரு பெரிய தேர் இருக்கிறது, ஆடி அசைந்து வரும். “என்னப்பா, சைக்கிளிலை வாறியளோ, மஞ்சத்திலை வாறியளோ?” என்று நடுச்சந்தியில் நின்று கேட்பேன். அவர் கோபிக்கமாட்டார். சிரித்துக்கொண்டே “நீர் போம், நான் வாறன்” என்பார். நானும் போய்விடுவேன்.

அந்த நாட்களில் அவர் கனடாவுக்குப் போகிற அலுவலும் நடந்துகொண்டிருந்தது. அங்கேயிருக்கிற அவருடைய அண்ணா ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு வருடம், பிறகு வந்துவிடலாம் என்பது திட்டம். படிவங்களை நிரப்பியது, படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனது, அவருக்குக் குளிர்ச்சட்டை தேடியது எல்லாம் நான்தான். அவர் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மாமி, அவருடைய தங்கை, எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் என்று எந்நேரமும் ஆள். இரண்டு மூன்று தரம், “உம்மோடை ஒரு விசயம் கதைக்கவேணும்” என்று மெல்லச் சொன்னார். “கதைப்பம், கதைப்பம்” என்றுவிட்டு நான் ஏறி மிதித்துவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, திரும்பிப் பார்த்தால் மனிதர் எனக்குப் பக்கத்திலேயே வருகிறார்! “அட, இண்டைக்கு என்ன புதினம்?” என்றேன். “காத்துத் தள்ளுது” என்றார். உண்மைதான், காலையில் சோளகம் முதுகில் கைவைத்துத் தள்ளும். பின்னேரம் திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து மறிக்கும். அந்தப் பின்னேரமும் அவர் பக்கத்திலேயே வந்தார், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். எதற்கோ முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நானும் பேசாமல் வந்தேன். செவ்வாயும் புதனும் அப்படியே போயின.

வியாழக்கிழமை பின்னேரம், மல்லாகம் தாண்டியதும் ஏதோ சொல்லத் திரும்பினேன். ஆளில்லை. நல்ல தூரத்தில் சைக்கிளை ஒரு மதிலில் சாத்திவிட்டு, மதகில் இருந்தபடி முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போனேன். காற்சட்டையை மேலே இழுத்துப் பார்த்தால், முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. அப்போதுதான் அவருடைய பின் சில்லைக் கவனித்தேன். எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. என்னுடையதைப் போலவே சின்னப் பிறீவீல், பதினாறு பல்.

“விசரே உங்களுக்கு? ஆர் உங்களை உதைப் போடச் சொன்னது?” என்று கத்தினேன். பள்ளிக்கூட மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை, வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்த றோட்டிலைதான் உம்மோடை தனியக் கதைக்க ஏலும். நீர் நிண்டால்தானே” என்றார்.

“சரி, நிக்கிறன். என்ன கதைக்கவேணும்?”

“எனக்குப் போக விருப்பமில்லையப்பா.”

அழுகை வந்தது, அதை அடக்கிக்கொண்டு வாகனம் ஏதும் வருகிறதா என்று வீதியைப் பார்த்தேன். வெங்காயம் ஏற்றிவந்த ஓர் உழவு இயந்திரக்காரர் புண்ணியத்துக்கு நிறுத்தி, அவரையும் சைக்கிளையும் பெட்டியில் ஏற்றினார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் இருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வர, நான் பின்னால் மிதித்துக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் காலை முதல் வேலையாக அவருடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கடைக்காரர் நட்டுக் கழற்றுகிற சாவியைக் கீழே வைத்துவிட்டு, “நான் மறிச்சனான் தங்கச்சி. முழங்கால் போயிடும் எண்டு சொன்னனான். ‘அவ முன்னுக்குப் போறா, நான் என்ன செய்ய’ எண்டு சிரிக்கிறார் மனுசன்” என்றார்.

வெட்கமாக இருந்தது. பதினைந்து வருடமாகக் கெதியாய் வாங்கோ, கெதியாய் வாங்கோ என்று அந்த மனிதரைத் துரத்தியிருக்கிறேன். நான் மெல்லப் போகலாம் என்று ஒருநாளாவது தோன்றியதா எனக்கு? அவருக்குப் பழையபடி இருபதைப் போடச் சொன்னேன். வீட்டுக்குப் போய் என் சைக்கிளையும் கொண்டுவந்து நிறுத்தி, “எனக்கும் இருபது” என்றேன்.

“உங்களுக்கேன்? உங்கடை காலுக்கு அது சும்மா சுத்தும்.”

“சுத்தட்டும் அண்ணை.”

செயினில் இரண்டு கண்ணி கூட்டி மாட்டித் தந்தார்.

ஒரு கிழமை ஓய்வுக்குப் பிறகு அவர் திரும்ப ஏறினார். முதல் நாள் எனக்கு எரிச்சல்தான். கால் தறிகெட்டுச் சுற்றுகிறது, சைக்கிள் நகரவில்லை. ஆனால் சுன்னாகம் வருவதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார். முழங்கால் உடைந்த கதையை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். கையில் ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு குழிக்குள் பாய்ந்தாராம், அதனால்தான் கையூன்ற முடியவில்லையாம். “ஆட்டுக்குட்டி தப்பினதோ?” என்று கேட்டேன். “ஓம், அது நல்லாத்தான் இருந்தது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கலியாணம் கட்டிப் பதினைந்து வருடம், எனக்கு இது தெரியாது.

ஒன்றரை மாதம், ஆறு கிழமை அப்படிப் போனோம். அவர் வீதிக் கரையோடு வருவார், நான் அவருக்கு வலப்பக்கம். பெற்றோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கத் தொடங்கியும் மோட்டார் சைக்கிளை நாங்கள் எழுப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரத்தில் இருக்கிற கீரிமலைக்கே போய்க் கேணியில் அவர் முழங்காலை ஊறவைத்தார். பிள்ளைகளைப் பற்றி, அவருடைய பயங்களைப் பற்றி, பனியில் இந்தக் கால் என்ன பாடுபடப் போகிறதோ என்பதைப் பற்றி எல்லாம் பேசினார்.

“போகாதேங்கோ” என்ற சொல் அந்த ஆறு கிழமையும் என் தொண்டைக்குள் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பிள்ளைகளின் படிப்பை நினைப்பேன், இந்த வேலையை எடுத்துத்தர அவருடைய அண்ணா பட்ட பாட்டை நினைப்பேன். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற இடத்தில் அவர் வேண்டுமென்றே இன்னும் மெல்ல மிதிப்பார், நான் ஏதாவது சொல்வேன் என்று. கடைசி நாள் அந்த இடத்தில் நான் சொன்னது இதுதான். “ரெண்டு வருசம் கண்மூடித் திறக்கிறதுக்குள்ளை ஓடியிடும்.”

அவர் “ஓம்” என்றார். அவ்வளவுதான்.

புரட்டாசியில் போனார். இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது, இன்னும் வரவில்லை. அங்கே அவருக்கு நின்றபடி செய்கிற வேலை. முழங்காலைப் பற்றிக் கேட்டால், பரவாயில்லை என்கிறார். என்னோடு படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் ஸ்கூட்டியில் போகிறார்கள். நான் இன்னும் அந்த இருபது பல்லுச் சைக்கிளில்தான். என் மாணவிகள் என்னைத் தாண்டிப் போகும்போது “மிஸ், தள்ளிவிடவோ?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். கரையில் ஒரு சைக்கிள் வருகிற இடத்தை விட்டுவிட்டுத்தான் இப்போதும் ஓடுகிறேன், பஸ்காரர்கள் பின்னாலிருந்து கோன் அடித்துத் திட்டுகிறார்கள். ஒருவருடைய வேகத்துக்கு இறங்கி வருவது நான்கு பல்லை மாற்றுகிற சின்ன வேலைதான் என்று அந்த வருடம் கண்டுகொண்டேன். அப்படிப் பக்கத்தில் வந்த பிறகும் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டேனே என்பதுதான், எதிர்க்காற்றில் தனியாக வீடு திரும்பும் ஒவ்வொரு பின்னேரமும் என்னைச் சுடுகிறது.