ஜெர்மன்காரர் கூரையில் ஒரு திருஷ்டி பொம்மை

நான் மேசன் வேலை செய்பவன். எட்டாம் வகுப்போடு ஹுன்னஸ்கிரிய தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். அப்படிப்பட்ட எங்கள் அம்பிட்டிய வீட்டில், போன மாதம் ஒரு ஜெர்மன் கட்டடக் கலைஞர் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அவர் செத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. என் மகள் கண்டியில் கட்டட வரைபடம் படிக்கிறாள். கடைசிச் சோதனைக்கு ஒரு கட்டடக் கலைஞரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும். அவர் கட்டிய ஒன்றைக் காகித மட்டையில் செய்தும் காட்ட வேண்டும். தவறினால் இன்னொரு வருடம். அவள் இந்த மனிதரின் நாடக அரங்கைப் பிடித்துக்கொண்டாள்.

தினமும் பேச்சை என்னிடம்தான் சொல்லிப் பார்ப்பாள். அந்த ஊரில் அரசனுக்கு எதிராகக் கலகம் வந்ததாம். சனங்கள் தெருவை மறித்துத் தடுப்பு கட்டினார்களாம். அது கோணலும் மாணலுமாக இருந்தது இவருக்குப் பொறுக்கவில்லையாம். தானே நின்று ஒழுங்காகக் கட்டிக்கொடுத்தாராம். கலகம் அடங்கியதும் ஊரைவிட்டு ஓட வேண்டியதாகிவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கோணலாக மதில் எழுப்பினால் எனக்கும் சோறு இறங்காது.

பிறகு ஒரு நாள் அவர் கட்டிய அரங்கு எரிந்து போனதாம். அவரே திரும்பக் கட்ட வேண்டுமென்று சனங்கள் கேட்டார்களாம். அவர் தூர இருந்து படம் வரைந்து கொடுக்க, மகன் அங்கே நின்று கட்டினாராம்.

"மொதல்ல கட்டினப்போ திருஷ்டி பொம்மை கட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"அப்பா, அது ஜெர்மனி."

"ஏன், ஜெர்மனியில பொறாமை புடிச்சவன் இல்லையா?"

அவள் பசையை எடுத்துக்கொண்டாள். "ஏங்க, அவளச் சும்மா விடுங்க" என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து.

எனக்கு மனது கேட்கவில்லை. பொம்மை கட்டாமல் நான் ஒரு சுவரும் எழுப்பியதில்லை. சோதனை நாள் விடியற்காலை சாமி கும்பிட்டுவிட்டு, தேங்காய்த் தும்பை முறுக்கி விரலளவில் ஒரு பொம்மை செய்தேன். சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வைத்தேன். மூடியிருந்த துணியை விலக்கி, அரங்கின் உச்சியில் ஒட்டிவிட்டு மறுபடியும் மூடினேன். பிள்ளையாரப்பா, பாத்துக்க என்று சொல்லிவிட்டுப் பல்லேகலவில் வேலைக்குப் போய்விட்டேன்.

கட்டடச் சாரத்தில் நிற்கும்போது போன் வந்தது.

"அப்பா, கூரையில என்னா வச்சீங்க?"

"காவலுக்கும்மா."

"அடுத்தது என் பேரைத்தான் கூப்பிடுவாங்க. புடுங்கினா கூரையும் சேர்ந்து வருது."

வராமல் எப்படி? ஒட்டியவன் மேசன் அல்லவா. ஆனால் அவள் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. போனை வைத்ததும் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தேன். பொம்மை செய்யும் புத்தியைக் கொடுத்ததும் நீதானே பிள்ளையாரப்பா, இப்போது வழியையும் நீயே காட்டு என்று சாரத்திலேயே நின்று கேட்டேன். கீழே சாந்து இறுகிக்கொண்டிருந்தது.

சாயந்தரம் வந்தவள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தாள். நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பாதிக் கோப்பை குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

அந்த அரங்கின் உச்சியில் சிறுத்தைகள் இழுக்கும் தேர் ஒன்று இருக்க வேண்டுமாம். இவள் செய்த சிறுத்தைகள் பூனை மாதிரி வந்ததால் வீசிவிட்டு, மொட்டைக் கூரையோடுதான் போயிருக்கிறாள். அதற்கு என்ன சொல்வது என்று பயந்துகொண்டிருந்தவளிடம் சோதனை எடுத்த சிங்கள மேடம் பொம்மையைக் காட்டி, "மேக்க மொகத?" என்று கேட்டாராம், இது என்ன என்று.

"நீ என்னாம்மா சொன்ன?"

"தேர் வேலை முடியல மேடம், வேலை முடியாத கட்டடத்துல எங்க பக்கம் இதைத்தான் வைப்போம்னேன்."

சிங்களச் சனங்களும் கட்டுகிற வீட்டில் பொம்மை தொங்கவிடுகிறவர்கள்தான். மேடம் சிரித்து, "உங்க வீட்டுல மேசன் பாஸ் யாரு?" என்று கேட்டாராம்; கைதேர்ந்த மேசனை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே வரைந்தது அப்பா, கட்டினது மகன்; எங்கள் வீட்டில் வரைவது மகள், கையை வைப்பது அப்பா என்று இவள் சொல்லியிருக்கிறாள். சோதனையில் தேறியதாகப் போட்டுவிட்டார்கள். ஒரு நிபந்தனை: இரண்டு வாரத்தில் தேரைச் செய்து கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

ஆகவே மேசை இன்னும் ஜெர்மன்காரருக்குத்தான். ஒரு சிறுத்தையை நானே களிமண்ணில் பிடித்தேன். அதுவும் பூனையாகத்தான் வந்தது.

"தேர் கூரையில ஏறுற அன்னைக்குப் பொம்மையை எடுத்திட்டு ஒரு தேங்காய் உடைச்சிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மகள் தலை நிமிரவில்லை. "உடைங்க. ஆனா மேசையில இல்ல, முற்றத்துல வச்சு உடைங்க."