மணி கேட்காத அக்கரை

இன்று வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றைப் பிரித்ததும், பிள்ளைகளே, அடையாறு கடலில் கலக்கும் இடத்திலிருந்த மணல்திட்டு நினைவுக்கு வந்தது. யுத்தகாலத்து ஞாயிறுகளில் சாந்தோமிலிருந்து அதன்மேல் நடந்தே அக்கரை போய்ச் சாப்பிட்டு, மாதா கோவிலின் மத்தியான மணி கேட்டதும், தண்ணீர் ஏறுமுன் திரும்பிவிடுவோம்.

அன்று தெற்குக் காற்று மணியோசையை எங்களிடம் வரவிடவில்லை. திரும்பும்போது பாதி வழியிலேயே தண்ணீர் என் இடுப்புவரை ஏறி, காலடி மணலை உருவியது.

"இன்னா நைனா, கொயந்தைங்கள இட்டுக்கினு நின்னுக்கினுகீற? ஓடியா!" என்று கரையிலிருந்து வலைக்காரர் ஒருவர் கத்தினார்.

அப்பா ஒரு கையில் தங்கச்சியையும் மறுகையில் காலிக் கூடையையும் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கூடைய வுடுங்க, பெரியவனப் புடிங்க!" என்று அம்மா அலறினாள்.

கூடை மிதந்து போனது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

கரையேறிய பிறகும் இறுகியே இருந்த அவர் விரல்களை அம்மாதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.