இடது இறக்கையில் நான்கு மில்லி

வலித்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் விமானத்தின் இடது இறக்கையைச் சீவிக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்காரர்கள் ஓட்டிய சண்டை விமானம். அசலை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகக் குறைத்தது. துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். நாம் வெட்டி, ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டும். ஃபோல்கோரே என்று பெயர். அவர்கள் பாஷையில் மின்னல் என்று அர்த்தமாம்.

இறக்கையின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு கிடந்தது. எதிரே என் கணவர் மூர்த்தி மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ், இன்னாத்த கொட்டினே? பார்த்து துன்ன மாட்டே?"

அவர் தன் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏமே கலா, உன் கையைப் பாரு."

இடது சுண்டுவிரல் பிளந்திருந்தது. பிளேடு ஆழமாகப் போயிருந்தது. மேசை விரிப்பு, என் மடி, எல்லாம் ரத்தம். எவ்வளவு நேரமாக ஒழுகிக்கொண்டிருந்ததோ, எனக்குத் தெரியாது. மூர்த்தி துணியைச் சுற்றிக்கொண்டே "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டார். வலிக்குது என்று பொய் சொன்னேன்.

நான் எண்ணூரில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். பதினெட்டு வருடமாக என் கையில் வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் இரும்புக் கருவி) இருக்கிறது. கால் மில்லிமீட்டர் கூடினாலும் பொருளைத் தூக்கிச் சிவப்பு டப்பாவில் போட்டுவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ரிஜெக்ட் கலா' என்று பெயர். தெரியும். எனக்கு அதில் பெருமைதான்.

விமானம் ஒட்டும் கிறுக்கு வந்தது மூர்த்தியால். அவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர். கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய தோஸ்து ஒருவர் வெளிநாட்டிலிருந்து இந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுப்பார். சின்னச் சின்னத் துண்டுகள் சரியாகப் பொருந்துவதைப் பார்த்தால் எனக்குச் சோறு வேண்டாம். ஃபோல்கோரே என் மூன்றாவது விமானம்.

பழக்கதோஷம், ஒட்டும் முன் எல்லாவற்றையும் அளந்தேன். வலது இறக்கையைவிட இடது இறக்கை நான்கு மில்லி நீளம். கால் மில்லிக்கே விடாதவள் நான்கு மில்லியை விடுவேனா? அச்சு வார்த்தவனைத் திட்டிக்கொண்டே நுனியை அறுத்தேன். அறுத்த துண்டை என் வழக்கப்படி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினேன். ஒதுக்கிய பொருளை நான் எப்போதும் எறிவதில்லை. அறுத்த இடத்தைச் சீவிச் சமன்செய்யும்போதுதான் விரலும் போனது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் இடது முன்கையில் ஒரு வருடமாக வெளிறிய படை இருந்தது. நடுவில் தோல் சாதாரணமாக, ஓரம் மட்டும் வளையமாகத் தடித்து. எந்திர எண்ணெய் பட்டு வந்த தேமல் என்று களிம்பு தடவினேன். நான்கு மாதத்துக்கு முன் தோசைக்கல்லில் அதே சுண்டுவிரல் கொப்பளித்தபோதும் வலிக்கவில்லை. 'நமக்குத் தோல் கெட்டி' என்று சிரித்தேன். ஊரார் செய்த பொருளையெல்லாம் ரிஜெக்ட் பண்ணியவள், என் கையை மட்டும் பாஸ் பண்ணி அனுப்பிவிட்டேன்.

விரலுக்குத் தையல் போட்ட டாக்டர்தான் படையைப் பார்த்துவிட்டு, அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகச் சொன்னார். தனியாகப் போனேன். டோல்கேட்டில் பஸ் மாறும்போது திரும்பிவிடலாமா என்று தோன்றியது. தோல் பிரிவின் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவருக்கு மூன்று விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. அவர் என் கையைப் பார்த்தார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவரிடம் இன்றுவரை மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால். என் முழங்கையின் உட்புறத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். அங்கேயும் ஏழெட்டு வளையங்கள் இருந்தன, எனக்கே தெரியாது.

"கண்ணை மூடிக்கோங்கம்மா. பஞ்சால தொடுவேன். தொட்ட இடத்தை இன்னொரு கையால காட்டுங்க."

கண்ணை மூடினேன். வெளியே யாரோ இருமினார்கள். மின்விசிறி சுற்றியது. காத்திருந்தேன். பஞ்சு எடுக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்.

"எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?"

"முடிஞ்சுதும்மா. கண்ணைத் திறங்க."

அந்த நிமிடத்தில் பிடித்ததுதான் பயம். அதற்குமுன் நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை. என் கையை ஒருவர் தொட்டு முடித்திருக்கிறார், நான் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குச் செய்தி வரவில்லை.

தொழுநோய் என்றார். கிருமியால் வருவது, தோலையும் நரம்பையும் தாக்குவது, மாத்திரையால் முழுமையாகக் குணமாவது. ஒரு வருடம் கூட்டுமருந்து (கிருமி ஒரே மருந்துக்குப் பழகிவிடாமல் இருக்கச் சேர்த்துக் கொடுக்கும் மாத்திரைகள்). முதல் வேளை விழுங்கியதுமே அடுத்தவருக்குப் பரவுவது கிட்டத்தட்ட நின்றுவிடும் என்றார். நான் ஒன்றைத்தான் கேட்டேன்.

"கை வருமா?"

"நோய் போயிடும். நரம்பு எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. உள்ளே அடிபட்டிருக்கு."

நான்கு நாள் மூர்த்தியிடம் சொல்லவில்லை. என் டம்ளரைத் தனியாக வைத்தேன், துண்டைத் தனியாகக் காயப்போட்டேன், தரையில் படுத்தேன். "இன்னாமே, யார் மேல கோவம்?" என்றார். ஐந்தாம் நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது நின்றபடியே சொல்லிவிட்டேன். என் தோள்மேல் இருந்த அவர் கை சட்டென்று விலகியது. ஒரு நொடிதான். அவரே அதைக் கவனித்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

"மாத்திரை கீதா?"

"கீது."

"அப்பறம் இன்னா?" என்றார். அன்று வேலைக்குப் போகவில்லை. என்னோடு வந்து தன்னையும் பரிசோதித்துக்கொண்டு, வீட்டாருக்குத் தரும் தடுப்பு மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு முறை விலகியதே இல்லை. அந்த ஒரு நொடியை நாங்கள் இருவரும் மறக்கவுமில்லை, பேசவுமில்லை.

அந்த வருடத்தில் நான் பல நிறமானேன். மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் எதிரில் விழுங்கும் மாத்திரையால் சிறுநீர் சிவந்தது. தினசரி மாத்திரையால் முகம் கருத்தது. தொழிற்சாலையில் "வெயில்ல சுத்துறியா கலா?" என்று கேட்டார்கள். நரம்புக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லும் தைரியம் அங்கே எனக்கு வரவேயில்லை.

மூன்றாம் மாதம்தான் கெட்ட காலம். காலை ஷிஃப்டில் முழங்கையில் தீ வைத்தாற்போல் வலி. மதியத்துக்குள் சுண்டுவிரலும் மோதிர விரலும் தாமாக மடங்கின. விரிக்க முயன்றேன், விரியவில்லை. கையிலிருந்த வெர்னியர் தரையில் விழுந்தது. பதினெட்டு வருடத்தில் நான் அதைக் கீழே போட்டதில்லை. தாழ்வாரத்தில் பார்த்த அந்தக் கை இப்போது என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

எதிர்வினை (செத்த கிருமிகளின் மேல் உடம்பு பாய்ந்து நரம்பை வீங்கச்செய்வது) என்றார் டாக்டரம்மா. இப்படி வந்தால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். இதைப் படிக்கிற உங்களுக்கு நான் கெஞ்சிச் சொல்வது இது ஒன்றைத்தான். எனக்கு வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முழங்கையை மடக்காமல் இருக்கப் பலகைக் கட்டு. "இந்த ஆறு மாசம் முக்கியம். விரல் வரலாம், வராமலும் போகலாம்" என்றார்.

கட்டோடு வீட்டில் கிடந்தேன். ஃபோல்கோரே அலமாரியில் கவிழ்த்த குண்டானுக்கு அடியில் கிடந்தது. எங்கள் பக்கம் ஜன்னல் வழியே வரும் கரித்தூளுக்கு எதையும் மூடித்தான் வைக்க வேண்டும். ஆனால் நான் மூடியது தூசுக்காக இல்லை. அந்த விமானத்தின் வர்ணம் எப்படித் தெரியுமா? பாலைவனத்தில் ஒளிந்துகொள்ள, மணல் நிறத்தின் மேல் பச்சையில் வளையம் வளையமாக. நடுவில் மணல், ஓரம் மட்டும் பச்சை. பெட்டிமேல் இருந்த படத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் முதுகு அது.

ஒரு நாள் மூர்த்தி சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார். தோஸ்துக்குப் போன் போட்டிருக்கிறார்.

"ஏமே, அந்த றெக்கையை இன்னாத்துக்கு அறுத்தே?"

"நாலு மில்லி ஜாஸ்தி கீது. அச்சு கோணல்."

"கோணலாவது! ஒரிஜினலே அப்டித்தானாம். காத்தாடி சுத்துற வேகத்துல பிளேன் ஒரு பக்கமா சாயுமாம். அது சாயாம கீறதுக்கு எடது றெக்கையை வேணும்னே நீட்டி வெச்சிக்கிறான். நல்லா கீற ஒடம்புக்கு ஆபரேஷன் பண்ணிட்டே நீ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரைத் திட்டினேன், தோஸ்தைத் திட்டினேன், இத்தாலிக்காரனைத் திட்டினேன். பிறகு அழுதேன். நோய் என்று சொன்ன அன்றைக்குக்கூட அப்படி அழுததில்லை. சரியான ஒன்றைச் சரியில்லை என்று அறுத்தேன். சரியில்லாத ஒன்றைச் சரி என்று விட்டேன். இரண்டும் ஒரே கையால் நடந்தது. மூர்த்தி பயந்துபோய் "அய்ய, பிளாஸ்டிக்குமே, பிளாஸ்டிக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாத்திரை டப்பாவில் அந்த நுனி இருந்தது. கட்டு அவிழ்த்த பிறகு, விரல்களுக்கு நுண்ணிய வேலை கொடுங்கள், ஆனால் கண் எடுக்காமல் பாருங்கள் என்று மருத்துவமனையில் கைப்பயிற்சி தருபவர் சொன்னார். நான் அந்த நான்கு மில்லியைத் திரும்ப ஒட்டத் தொடங்கினேன். பத்து நிமிட வேலை. எனக்கு மூன்று வாரமானது. இடது கை எதைப் பிடித்திருக்கிறது என்று எனக்கே தெரியாது, பார்த்தால்தான் தெரியும். இருமுறை இறக்கையை நசுக்கினேன். ஒருமுறை தூக்கி எறிந்தேன். மூர்த்தி கட்டிலுக்கடியில் புகுந்து எடுத்துவந்தார்.

விமானத்தின் பச்சை வளையங்களை மூர்த்திதான் வரைந்தார். நான் மாட்டேன் என்றேன். அவருக்குக் கை வராது. ஒன்று முட்டை, ஒன்று வடை. ஆனால் வளையம் எப்படியிருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மாதாமாதம் என் முதுகைப் பார்த்து "இது மங்கிகினு வருது, இது இன்னும் கீது" என்று சொல்லிவந்தவர் அவர்தானே. விமானத்தில் வளையங்கள் கூடக் கூட, என் முதுகில் குறைந்தன.

பன்னிரண்டாம் மாதம் மருந்து முடிந்தது. கிருமி இல்லை என்றார் டாக்டரம்மா. மறுபடி கண்ணை மூடச் சொன்னார். இத்தனை மாதத்தில் அவர் தொடும் தாளம் எனக்குப் பழகியிருந்தது. உணராமலேயே சரியாகச் சொல்லிவிட முடியும். சொல்லிவிடலாமா என்று ஆசையாகவும் இருந்தது. சொல்லவில்லை. இன்னொரு முறை இந்தக் கையைப் பொய்யாகப் பாஸ் பண்ண மாட்டேன். மோதிர விரல் திரும்பியிருக்கிறது. சுண்டுவிரல் நிமிர்ந்திருக்கிறது, ஆனால் பேசவில்லை. இனிப் பேசாமலே போகலாம்.

இப்போது எதையும் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன். குக்கர் மூடி, பஸ் கம்பி, மீன் அரியும் கத்தி. முன்பு பத்து நிமிடத்தில் முடிந்தது இப்போது அரைமணி. தினமும் சாயங்காலம் விரல்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை.

ஞாயிறு மதியங்களில் மூர்த்தி எனக்குப் பரிசோதனை வைக்கிறார். வர்ணம் அடித்த மெல்லிய பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்து அதால் தொடுவார். போன வாரமும் கண்ணை மூடி மேசைமேல் கையை நீட்டினேன். வெளியே டிரெய்லர் லாரிகள் ஹார்ன் அடித்தன. காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் காத்திருந்தேன். மோதிர விரலும் போய்விட்டது, நோய் திரும்ப வந்துவிட்டது, இவர் தொட்டு முடித்துவிட்டு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"முடிச்சிட்டியா?" என்றேன்.

மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "இருமே, பேஜாரு பண்ணாதே. பிரஷ் கீழ வுழுந்திட்ச்சு, தேடிகினு கீறேன்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, ஒரு எறும்பு ஏறுவதுபோல, மிக லேசாக.

"மோதிர விரல்," என்றேன்.