புகார் வராத டிரைவர்

டிஸ்க் அக்கா என்று அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பெயர் விழுந்து பதினேழு வருஷம் ஆகிறது. மூன்றாவது மாடியில், சாப்பாட்டு அறையின் கோடியில், ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவளுடைய மேசை. மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், கீழே மூடி கழற்றிய இன்னொரு கம்ப்யூட்டர். கீழே இருப்பதில் தகவலைச் சேமித்து வைக்கிற எட்டு டிஸ்க்குகள் செருகியிருக்கும். விசிறி எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். யாராவது தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் அவள் நாற்காலியை முன்னே இழுத்துக்கொள்ள வேண்டும். திரும்பிக்கூடப் பார்க்காமல் இழுத்துக்கொள்வாள்.

அவள் செய்கிற வேலையைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதை நகராது. கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருளின் நடுப்பகுதியைக் கெர்னல் என்பார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிற கெர்னல் ஒன்று உண்டு. அதற்கு டிஸ்க்கோடு நேராகப் பேசத் தெரியாது. நடுவில் ஒரு கார்டு இருக்கும். அந்தக் கார்டின் பாஷை தெரிந்த சிறிய நிரல் ஒன்று வேண்டும். அதுதான் டிரைவர். பழைய கார்டு ஒன்றுக்கான டிரைவர் டிஸ்க் அக்காவின் பொறுப்பு. அந்தக் கார்டைச் செய்த கம்பெனியில்தான் அவள் முன்பு வேலை பார்த்தாள். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கார்டுகள் மட்டும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிற வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளாகவே ஏற்றுக்கொண்டாள். அதற்குச் சம்பளம் கிடையாது. சோறு போடுவது தண்ணீர் வாரிய அலுவலகத்தில் மத்தியான ஷிப்ட்.

கெர்னலின் மற்ற பகுதிகள் மாற மாற டிரைவரையும் மாற்றிக்கொண்டே வரவேண்டும். அதைச் செய்ய இன்னும் பத்துப் பேர் கிடைப்பார்கள். டிஸ்க் அக்காவின் தனிக் கிறுக்கு, டிரைவரோடு போகிற விளக்கக் குறிப்பு. நிரல் எழுதுகிறவர்களில் பாதிப் பேர், இது எப்படி வேலை செய்கிறது என்று நாலு வரி எழுதச் சொன்னால் இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். இவள் அப்படியில்லை. ஒவ்வொரு முறை குறிப்பைத் திருத்தியதும் அச்செடுத்துக் கணவர் கையில் கொடுப்பாள். அவர் கீழ்த்தளத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், கெர்னலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தாளைப் பார்த்துப் பார்த்து அதில் சொன்னபடி மேசைக்குக் கீழே இருக்கிற மெஷினில் செய்வார். அவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவர் எந்த வரியில் தலையைச் சொறிகிறாரோ அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள்.

கெட்டுப்போன டிஸ்க்கை மாற்றும் முறையில் நாலாவது படி அப்படி வந்ததுதான். இரண்டாம் எண் டிஸ்க் கெட்டுவிட்டது என்று திரை சொன்னது. டிஸ்க் ஒவ்வொன்றும் ஒரு டிரேயில் உட்கார்ந்திருக்கும், இரண்டு என்று எழுதியிருந்த டிரேயை அவர் இழுத்துவிட்டார். அது நல்ல டிஸ்க். இந்தக் கார்டு பூஜ்யத்திலிருந்து எண்ணும். டிரேக்களில் எண் ஒட்டியவர்களோ ஒன்றிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு டிஸ்க் போனால் மற்றவை ஈடுகட்டும், ஆனால் கெட்டது ஒன்று, தப்பாக இழுத்தது ஒன்று, ஆக இரண்டு போனால் உள்ளே இருக்கிற அத்தனையும் போச்சு. பரிசோதனை மெஷின் என்பதால் தப்பித்தார்கள். அன்றைக்கே நாலாவது படியை எச்சரிக்கையாக எழுதிச் சேர்த்தாள்.

இப்படியே வருஷங்கள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை துப்புரவாளரிடமிருந்து கடிதம் வந்தது. கெர்னலில் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிற பழைய நிரல்களைத் தேடி எடுத்து வெளியே போடுவதை ஒருவர் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். துப்புரவாளர் என்பது டிஸ்க் அக்கா அவருக்கு வைத்த பெயர். மரியாதையான மனிதர். உங்கள் டிரைவர் பற்றி ஒன்பது வருஷமாக ஒரு புகாரும் வரவில்லை, எனவே யாரும் பயன்படுத்தவில்லை என்று கொள்கிறேன், ஆட்சேபம் இல்லையென்றால் ஆறு வாரத்தில் வருகிற பதிப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். பரிசோதனைக்கு வைத்திருக்கும் மெஷின் கணக்கில் வராது. எங்காவது நிஜ வேலை பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது என்று அதை வைத்திருப்பவரே பொதுக் கடிதப் பட்டியலில், அதாவது எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேருகிற மின்னஞ்சல் பட்டியலில், வந்து சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

டிஸ்க் அக்காவுக்குச் சுருக்கென்றது. புகார் வராமல் இருக்கத்தானே அவள் இவ்வளவு பாடுபட்டாள். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் எழுதி வைத்துவிட்டு, இப்போது யாரும் கேட்கவில்லை என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் என்ன நியாயம். ஆனால் அவர் சொல்வதும் தப்பில்லை. நிஜமாகவே யாரும் இல்லாமல் இருக்கலாம். அந்த நினைப்புதான் அவளை அதிகம் வாட்டியது. ஆளில்லாத வீட்டுக் கதவைப் பதினேழு வருஷமாகத் துடைத்துக்கொண்டிருந்தோமோ என்று கணவரிடம் கேட்டாள்.

பதில் சொன்னது அவர் தங்கை. கூடவே இருக்கிற அந்த நாத்தனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் சுற்றி வளைக்க மாட்டாள். "விட்டுத் தொலைங்க அண்ணி. காலையில எழுந்து நிம்மதியா காப்பி குடிங்க. நீங்களும் மனுஷிதானே," என்றாள். அக்கறையில் சொன்னதுதான், ஆனாலும் அன்றைக்கு டிஸ்க் அக்கா அவளோடு சரியாகப் பேசவில்லை.

பயன்படுத்துகிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள் என்று பொதுப் பட்டியலில் எழுதிப் பார்த்தாள். ஒரு ஈ காக்கை வரவில்லை. வரவும் வராது. அந்தப் பட்டியலைப் படிப்பவர்கள் நிரல் எழுதுகிறவர்கள். அலமாரிக்குள் மெஷினை ஓடவிட்டு அதை மறந்துபோனவர்கள் அங்கே ஏன் எட்டிப் பார்க்கப் போகிறார்கள். மூன்றாம் வாரத்தோடு அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். போகிறதுதான் போகிறது, குறிப்பாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று தோன்றியது. எல்லாக் குறிப்புகளையும் புது வடிவத்துக்கு மாற்றவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரே மூச்சில் மாற்றி அனுப்பினாள். கணவர் கையில் கொடுக்கவில்லை. இனி யார் படிக்கப் போகிறார்கள் என்ற அலுப்பு. பதினேழு வருஷத்தில் அவள் அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

பதினோரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வேலைக்குப் போகத் தலை வாரிக்கொண்டே கடிதங்களைப் பார்த்தாள். ஒரு ரத்த வங்கியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் எழுதியிருந்தார். கடிதத்தில் கோபம் தெரிந்தது. டிஸ்க் மாற்றும் பக்கத்தில் மூன்றாவது படிக்கு அப்புறம் நேராக ஐந்தாவது படி வருகிறது, நடுவில் இருந்ததை எந்தப் புண்ணியவான் எடுத்தது, நான் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன்.

அவள் குறிப்பைத் திறந்து பார்த்தாள். நாலாவது படி அங்கேயே இருந்தது. அந்தக் குறிப்பிலிருந்து தானாக உருவாகிற வலைப்பக்கத்தைத் திறந்தாள். அங்கே இல்லை. ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை, பிறகு பொறி தட்டியது. புது வடிவத்தில் எச்சரிக்கையைக் கட்டம் கட்டிக் காட்ட முன்னால் ஒரு குறியீடு போடவேண்டும். அவள் அதைப் பாதி போட்டு விட்டிருந்தாள். பாதிக் குறியீடு போட்ட பத்தியை, எழுதுகிறவர் தனக்காக வைத்துக்கொண்ட கிறுக்கல் என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் காட்டாமல் விட்டுவிடும் வலைப்பக்கத்தை உருவாக்குகிற மென்பொருள். தொடாதே என்று சொல்ல எதை எழுதினாளோ அதுவே மறைந்துபோயிற்று. எதையும் தொடாதீர்கள், உடனே கூப்பிடுங்கள் என்று தன் போன் நம்பரை அனுப்பினாள். சீப்பு தலையிலேயே இருந்தது.

இரண்டு நிமிஷத்தில் அவர் கூப்பிட்டார். "மேடம், திரையில ரெண்டுன்னு காட்டுது. டிரேயிலயும் ரெண்டுன்னுதான் ஒட்டியிருக்கு. ஆனா போன தடவை மாத்தினப்போ ஏதோ எண்ணிப் பாக்கச் சொன்ன மாதிரி ஞாபகம். அது இப்போ பக்கத்துல இல்ல."

"கேட்டீங்களே, அது போதும். இந்தக் கார்டு பூஜ்யத்துல இருந்து எண்ணும். நீங்க இழுக்க வேண்டியது மூணு. இழுக்கறதுக்கு முன்னாடி அதுல பச்சை விளக்கு எரியலதானேன்னு பாருங்க."

"எரியல."

"ரெண்டுல?"

"ரெண்டுல எரியுது மேடம். என் கை இப்போ அதுமேலதான் இருக்கு," என்றார்.

அவர் மூன்றை இழுத்தார், புதியதைச் செருகினார். புது டிஸ்க்கில் தகவலை நிரப்புகிற வேலை தொடங்கி, திரை இரண்டு சதவிகிதம் என்று காட்டும் வரை அவள் போனை வைக்கவில்லை. அந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அபூர்வ வகை ரத்தம் யார் யாருக்கு இருக்கிறது, அவசரத்துக்கு யாரை எங்கே கூப்பிட வேண்டும் என்ற விவரம் முழுக்க அதில்தான் என்றார். புது மெஷின் வரப்போகிறது என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம்.

போனை வைத்ததும் சீப்பைத் தலையிலிருந்து எடுத்தாள். அந்த மனிதருக்கு ஞாபகம் மட்டும் கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதே நேரம், ஆள் இருக்கிறார் என்ற சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பிறகு குறிப்பைச் சரிசெய்து அனுப்பினாள். அன்றைக்கு ஆபீசுக்கு லேட்.

மறுநாளைக்குள் அதே நாலாவது படி எங்கே என்று கேட்டு இன்னும் மூன்று கடிதங்கள். கப்பல் பழுது பார்க்கும் இடத்திலிருந்து ஒன்று, வரைபடம் அச்சிடும் இடத்திலிருந்து ஒன்று. இன்னொருவர் எங்கிருந்து என்று சொல்லவில்லை, திட்டு மட்டும் தாராளமாக இருந்தது. டிஸ்க் அக்கா நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டாள். கூடவே, என்னைத் திட்டியதை அப்படியே பொதுப் பட்டியலிலும் ஒரு தடவை திட்டிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கேட்டுக்கொண்டாள். நாலு பேரும் மனதார உதவினார்கள். என்ன மெஷின், எத்தனை வருஷமாக ஓடுகிறது என்ற விவரத்தோடு அத்தனை திட்டும் பட்டியலில் ஏறியது. துப்புரவாளர் அன்று சாயங்காலமே பதில் போட்டார். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஒன்பது வருஷ மௌனத்தை நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

வீட்டில் அன்றைக்குக் கும்மாளம்தான். நாத்தனார் அந்த நாலு கடிதங்களையும் குரலை ஏற்றி இறக்கிப் படித்துக் காட்டினாள். கண்ணாடிக்காரருக்கு ஒரு யோசனை உதித்தது. "ஏம்மா, வருஷத்துக்கு ஒரு படியைத் தூக்கிடேன். நாலு பேர் திட்டுவாங்க, டிரைவர் அது பாட்டுக்கு இருக்கும்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். டிஸ்க் அக்கா சிரிக்கவில்லை. "அவர் ரெண்டாம் நம்பர் டிரேயில கை வெச்சுக்கிட்டு நின்னாருங்க," என்றாள். கண்ணாடிக்காரர் எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து, புதுக் குறிப்பை அச்செடுத்துக் கொடு என்று தரையில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவர் எங்கேயும் தலையைச் சொறியவில்லை. ஆனாலும் அவள் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். இதைப் பார்த்துச் செய்து வேலை நல்லபடியாக முடிந்தால், முடிந்தது என்று மட்டும் ஒரு வார்த்தை எழுதுங்கள். கீழே அவள் முகவரி.

யார் எழுதப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஒன்பதாம் நாள் முதல் கடிதம் வந்தது. அனுப்பியவர் பேர் இல்லை, ஊர் இல்லை, வணக்கம்கூட இல்லை. முடிந்தது என்று ஒரே ஒரு வார்த்தை. டிஸ்க் அக்கா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு மாடிப்படி இறங்கிப் போய், கடையில் வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம், யாரோ ஒருத்தருக்கு இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு அழுதாள்.