ஒரே தாளத்தில் பெரியம்மாவும் அம்மாவும்

சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா வாரக் கடைசியில் மலேசியாவின் லாயாங் லாயாங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரும்போது, காருக்கு முன்னால் அதன் பாட்டுச் சத்தம் வந்துவிடும். அந்த வருஷம் அவருக்கு ஜமைக்கா நாட்டுப் பாட்டுகள் மேல் பித்துப் பிடித்திருந்தது.

“ஒரே பாட்டையே எத்தன தடவடா போடுவ?” என்று அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

“பாட்டு வேறக்கா, மியூசிக்தான் ஒன்னு. ஒருத்தன் தாளத்தப் போட்டுக் குடுத்துருவான். பத்துப் பேரு வந்து அது மேல அவனவன் மனசுல உள்ளதப் பாடிட்டுப் போவான் லா.”

எனக்கு அது சுத்த ஏமாற்று வேலையாகத் தோன்றியது. ஒருத்தி எழுதியதைப் பத்துப் பேர் பார்த்து எழுதினால் எங்கள் பள்ளியில் வெளியே நிற்க வைத்துவிடுவார்கள்.

தம்பியின் நான்காவது பிறந்தநாளுக்கு வாசலில் கூடாரம் போட்டிருந்தோம். தூரத்தில் உள்ள தங்காக் ஊரிலிருந்து பெரியம்மாவை மாமா எப்படியோ காரில் ஏற்றி வந்துவிட்டார். தம்பி பிறப்பதற்கு முன் நடந்த என் காதுகுத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் போனில் சொன்னதற்காக அம்மாவோடு பேச்சையே நிறுத்திக்கொண்டவர் அவர். கேக் வெட்டும்போதுகூட அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மாமா, குரல் இல்லாத வெறும் தாளத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டார். யாரும் எதையும் பாடலாம் என்றார். அப்பா தன் தொழிற்சாலை மேனேஜரைத் திட்டிப் பாடினார். நான் ஏழாம் வாய்பாட்டைப் பாடிக் கைதட்டல் வாங்கினேன். அடுத்து மாமா நேராகப் போய்ப் பெரியம்மாவின் கையில் மைக்கைத் திணித்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து பாடத் தொடங்கிவிட்டார்.

“கூடப் பொறந்தவள போனுல கூப்புட்டியே, நேர்ல வந்தா காலா தேஞ்சிரும்?”

கூடாரமே சிரித்தது. அம்மா கரண்டியை வைத்துவிட்டு வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“வயித்துல புள்ள, வாந்தி நிக்கல, தங்காக்கு வரைக்கும் எப்படி வருவேன்?”

கடைசியில் அம்மாவின் குரல் உடைந்தது. சண்டை முற்றிவிட்டது என்று பயந்து, ஓடிப்போய் ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்தேன்.

சட்டென்று எல்லாம் அடங்கியது.

“வயித்துல புள்ளயா?” மைக் இல்லாமல் பெரியம்மா கேட்டார். “எங்கிட்ட யாருடி சொன்னா?”

“சொல்றதுக்குள்ள நீதான் போன வச்சிட்டியேக்கா.”

பெரியம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் வாயில் ஒட்டியிருந்த கேக்கை முந்தானையால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று அவர் தங்காக்குக்குத் திரும்பிப் போகவில்லை.

சாயங்காலம் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மாமாவிடம், யார் ஜெயித்தது என்று கேட்டேன்.

“ரெண்டு பேரும் பேசிட்டாங்கல்ல, அது போதும்மா.”

மாமாவுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று பாவமாக இருந்தது. அவர்கள் பேசவில்லை, சண்டைதான் போட்டார்கள், நல்ல வேளையாக நான் நிறுத்தினேன் என்று அவருக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னேன்.