எள்ளுத் தண்ணீர் விடாதவர்

அந்த ஆடி அமாவாசைக் காலையில் காரைக்கால் கடற்கரையில் ஐயர் இருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பெரியவர் இருந்தார். திருநள்ளாறு லாட்ஜிலிருந்து அவரை ஆட்டோவில் கூட்டிவந்த நான் இருந்தேன்.

பெரியவர் ஒல்லியானவர். ஒரு காது மடங்கியிருக்கும். போலீஸ் அடித்தது என்றார். தினமும் காலையில் டீ குடிக்குமுன் செல்போனில் அவர் ஊர் மரணச் செய்திகளைப் பார்ப்பார்.

அங்கே வெள்ளைக்காரர்கள் நிறம் பிரித்து ஆண்ட காலத்தில் அவருடைய அண்ணனைப் போலீஸ் பிடித்துப் போனது. உடம்புகூட வரவில்லை.

ஐயர் அவர் கையில் எள்ளை வைத்தார்.

"இந்தத் தடவையாவது அண்ணா பேரைச் சொல்லி விட்டுடுங்கோ. மூணு வருஷமா வந்து கடலைப் பாத்துட்டுப் போறேள்."

பெரியவர் கையை மூடிக்கொண்டார்.

"விட்டா, அண்ணன் செத்துட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும் சாமி. எங்க பொதைச்சாங்கன்னு அவங்க சொல்லட்டும்."

"யாருங்கய்யா?" என்றேன்.

"கூட்டிப் போன போலீஸ்காரங்க. உத்தரவு போட்ட மந்திரி. அதுல ஒருத்தன் போன வாரம் வீட்டுல படுத்த படுக்கையா செத்தான்."

"ஒழிஞ்சான்னு விடுங்கய்யா."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை.

"அப்படிச் சொல்லாதப்பா. அவன் உசுரோட இருந்திருக்கணும்."

எள்ளை ஐயரின் தட்டிலேயே திரும்பப் போட்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன்.

"இன்னும் யாருங்கய்யா மிச்சம்?"

"மந்திரி மட்டும்தான்."

"அவருக்கு என்ன வயசு?"

"தொண்ணூத்தி நாலு."